நாலுக்கு மூன்றடிப் பாலை

பகல் முழுக்க முதுநகர் ஐஸ் பேக்டரியில்
அமோனியா வால்வைத் திருகும் கை இது.
நகக்கண் காய்ந்து பார்த்ததில்லை.
துறைமுகத்து லாரிகள் சொட்டிக்கொண்டே போகும்,
என் சம்பளமும் அப்படித்தான்.

மாடியில் மட்டும்
நாலடிக்கு மூன்றடி ஒரு வறட்சி வைத்திருக்கிறேன்.
ஃபைபர் ஷீட் கூரை,
செத்துப்போன ஃப்ரிட்ஜில் கழற்றிய விசிறி,
அதன் கீழே அறுபத்தோரு சட்டி.

வீட்டுக்காரர் தனவேல் ஏறி வந்தார்.
"முள்ளுச்செடி வெச்சா குடும்பம் வெளங்காது, பாய்.
அட்வான்ஸ் வாங்கும்போதே சொன்னேனா இல்லியா?"
"தொட்டுப் பாருங்க" என்றேன்.
பயந்து பயந்து உள்ளங்கையை வைத்தார்.
எட்டு வகிடு எடுத்த பச்சை மண்டை.
முள் இருக்க வேண்டிய இடத்தில்
பஞ்சுப் பொட்டு, வரிசையாக.
இன்னொரு முறை தடவினார்,
யாரும் பார்க்காதபோது பூனையைத் தடவுவதுபோல.
"இது செடியே இல்ல" என்று
தீர்ப்புச் சொல்லி இறங்கிப் போனார்.
அந்த வருஷம் வாடகை ஏறவில்லை.

தேவனாம்பட்டினத்தில் வலை உதறுகிறவர்கள்
இதைப் பார்த்ததும் அடையாளம் சொல்வார்கள்.
கரை ஒதுங்கும் கடல்முள்ளெலியின் ஓடு,
முள்ளெல்லாம் உதிர்ந்த பின்
இதே வகிடு, இதே புள்ளி.
கடல் மனப்பாடமாகச் சொன்னதை
மெக்சிகோவில் ஒரு பாலைவனம்
காதில் விழாமலே எழுதியிருக்கிறது.

மண் போட்டால் அழுகும்.
செங்கல் சல்லி, சலித்த மணல்,
ஏழு தண்ணி அலசி உப்புப் போக்கியது.
ஐப்பசி பிறந்தால் தை வரை ஒரு சொட்டும் கிடையாது.
கெடிலம் கரைதட்டி ஓடும்,
தெருவில் முழங்கால் தண்ணீர்,
நாலு நாளாய்த் துணி காயவில்லை.
ஷீட் ஒழுகுகிற மூலையில்
நான் குடை பிடித்து நிற்பேன், நனைந்துகொண்டு.
மெஹருன்னிசா கீழிருந்து கத்துவாள்:
"கல்லுக்கா குடை பிடிக்கிறீங்க?"

கல்தான்.
விதை போட்டபோது மகள் ஒன்றாம் வகுப்பு.
அவள் யூனிஃபார்ம் பாவாடையை மூன்று முறை
பிரித்து நீட்டியாயிற்று,
இது இன்னும் பழைய எட்டணா அகலம்.
மூத்தவைதான் பூக்கும்.
ஒரு பூ ரெண்டு மத்தியானம் தாங்கினால் அதிசயம்.
அதற்குள் பக்கத்துச் சட்டியும் பூத்தால்தான் விதை.
ரெண்டும் சேர்ந்து விரிந்த அன்று
கம்ப்ரஸர் கூவக் கூவ லீவு சொல்லிவிட்டு
ஓடி வந்தேன்;
மெஹருன்னிசாவின் மை தீட்டும் பிரஷ் அதோடு போயிற்று.
பிரியாணி டப்பாவுக்குள் இப்போது
இருபத்திரண்டு கடுகு, பச்சையாக.

அறுபத்தோராவது சட்டியைப் பற்றிக் கேட்காதீர்கள்.

சரி, சொல்கிறேன்.
பெங்களூரிலிருந்து பார்சலில் வந்தது.
ஒரு மாதச் சம்பளம்,
வீட்டில் சொன்னது கேஸ் சிலிண்டர் டெபாசிட்.
பேப்பரைப் பிரித்ததும் தெரிந்துவிட்டது.
சட்டியில் வளர்ந்தால் இத்தனை சுருக்கம் விழாது.
இடுப்பில் கடப்பாரை உரசிய தழும்பு,
வேரிடுக்கில் எங்கள் பக்கத்து மண்ணுக்கு இல்லாத நிறம்.
நான் நடை பழகுமுன்பே
அது அங்கே பூத்திருக்கும்.
அனுப்பியவன் பேர் டப்பாவில் இல்லை.
பாலைவனத்துக்குப் பின்கோடும் கிடையாது.

மூன்று வருஷம்.
வேர் விடவில்லை, சாகவும் இல்லை.
உள்ளே சேர்த்ததைத் தானே தின்று
மாதம் ஒரு நூல் இளைக்கிறது.

கரண்ட் போய் விசிறி நிற்கும் மழை ராத்திரியில்
முதலில் எந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறேன் என்று
மெஹருன்னிசா கவனித்திருக்கிறாள்.
கேட்டதில்லை.
அரிசிப் பானைக்குப் பக்கத்தில்
இடம் ஒதுக்கிக் கொடுப்பாள்.

அங்கே, பெயர் தெரியாத அந்தச் சரிவில்,
ஒரு உள்ளங்கை அளவுக்குக் குழி இருக்கும்.
எப்போதாவது மழை பெய்தால்
தண்ணீர் அதில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகும்.